பெட்டி வேர்த்தால் திறக்காதே

இப்போது தோட்டத்துக்கு வருகிற டிரோனை, வேலை முடிந்ததும் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக் கழுவுகிறார்கள். என் கண்ணால் பார்த்தேன். மருந்து தெளித்துவிட்டு வந்து இறங்கியதை, மாட்டைக் குளிப்பாட்டுவது போல வயிறு, கால் எல்லாம் தேய்த்துக் கழுவி, வெயிலில் நிறுத்திவிட்டு அந்தப் பிள்ளைகள் நாசி லெமாக் சாப்பிடப் போய்விட்டார்கள். எத்தனையோ வருஷம் ஒரு சொட்டுத் தண்ணீருக்குப் பயந்து வேலை பார்த்தவள் நான்.

அவர்களில் ஒரு பெண், தினேஸ்வரி என்று பெயர், என்னைத் தேடி வீட்டுக்கே வந்தாள். "ஆண்ட்டி, நீங்க எய்ட்டீஸ்லயே ரிமோட் பிளேன் யூனிட்ல வேலை செஞ்சீங்களாமே. ரெய்ன் சீசன்ல எப்படி மேனேஜ் பண்ணீங்க? எங்க ட்ரெய்னிங்ல வந்து பேசுங்களேன் லா" என்றாள். சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளே, "உங்க ஆபீசர் குலசேகரம் சார் போட்டோகூட ட்ரெய்னிங் ரூம்ல மாட்டியிருக்காங்க. அவரைப் பத்தியும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றாள். எனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவரைப் பற்றி இரண்டு வார்த்தையில் சொல்ல முடியாது. சொன்னால் முழுதாகச் சொல்ல வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் படித்தது மூன்றாம் படிவம் வரை. பிறகு சுங்கைவேயில் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலை. நாள் முழுதும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு, தலைமுடியைவிட மெல்லிய கம்பியைப் பற்றவைக்கிற வேலை. அங்கே கற்றுக்கொடுத்தது இரண்டே விஷயம். கை நடுங்கக் கூடாது, வாய் பேசக் கூடாது. முதலாவது எனக்கு நன்றாக வந்தது. பிறகு கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டு லயத்து வரிசை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். வெளிக்காட்டு வேலைக்குத்தான் பெயர் கொடுத்தேன். "பற்றவைக்கத் தெரிந்த ஆள் வேண்டும்" என்று ஆபீசில் கேட்டார்கள் என்று தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி சொல்லி அனுப்ப, புல் வெட்டப் போக வேண்டியவள் ரேடியோ வேலைக்குப் போனேன்.

கம்பெனி அப்போதுதான் பூச்சி ஆராய்ச்சிக்கு என்று ஒரு சின்னப் பிரிவு தொடங்கியிருந்தது. எண்ணெய் எடுக்கிற செம்பனை மரத்து ஓலையைத் தின்றுவிட்டு, அந்த ஓலைத் துணுக்காலேயே பை கட்டிக்கொண்டு தொங்குகிற ஒரு புழு உண்டு. மலாய்க்காரர்கள் உலாட் புங்குஸ் என்பார்கள். கீழே நடந்து பார்த்தால் எத்தனை தூரம் பரவியிருக்கிறது என்று தெரியாது. மேலேயிருந்து பார்த்தால், எந்தப் பக்கத்து மரமெல்லாம் பழுப்பாகிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். நிஜ விமானத்தை வாடகைக்கு எடுப்பது கட்டுப்படியாகாது. ஆகவே பால்சா என்கிற லேசான மரத்தில் செய்த, ஆள் நீளத்துக்குச் சிறகு வைத்த குட்டி விமானம். அதன் வயிற்றில் ஒரு கேமரா. கீழே நின்று ரேடியோவால் ஓட்ட வேண்டும்.

நாங்கள் மூன்று பேர். குலசேகரம் ஐயா ஆபீசர், ஓட்டுகிறவரும் அவரே. ரேடியோ, பேட்டரி, கம்பி எல்லாம் என் பொறுப்பு. மூன்றாவது ஆள் முனியாண்டி அண்ணன். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்திலிருந்து அந்தத் தோட்டத்திலேயே கிடந்தவர். எஞ்சினை முடுக்கிவிட்டு, விமானத்தைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு காற்றுக்கு எதிரே ஓடி வீசுவார். அது கால்வாயில் விழுந்தால் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு வருவதும் அவர்தான். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பூசாரிக்கு உதவி செய்பவரும் அவரே. மனைவி பாக்கியம் அக்காவும் நான்கு பிள்ளைகளும் எங்கள் லயத்திலேயே இரண்டு வீடு தள்ளி இருந்தார்கள்.

கோலசிலாங்கூர் பக்கத்துக் காற்றை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் கடல், நடுவில் தோட்டமெல்லாம் கால்வாய். பாசிர் பெனம்பாங்கில் கருவாடு போடுகிறவர்களைக் கேளுங்கள். காலையில் காய்ந்தது மாலையில் நமத்துவிடும். காற்றிலே உப்பும் சேர்ந்து வரும். அந்த உப்புக் காற்றில் ரேடியோ சாமானை நாலு நாள் திறந்து வைத்தால், செம்புக் கம்பி பச்சை பூத்துவிடும். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் சொல்லவே வேண்டாம்.

குலசேகரம் ஐயா இதற்கெல்லாம் வழி வைத்திருந்தார். அதை மறுக்க மாட்டேன். கெட்டிக்காரர். யாழ்ப்பாண வழி வந்த குடும்பம். தகப்பனார் கிள்ளானில் கிளார்க்காக இருந்தவராம். சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. கோபம் வந்தாலும் குரல் உயராது. "பிள்ளை, இஞ்ச வாரும்" என்று கூப்பிட்டால், ஏதோ தப்பு செய்திருக்கிறோம் என்று அர்த்தம். ஒரு தடவை சொன்னதை இரண்டாம் தடவை சொல்ல மாட்டார். ஆனால் அந்த ஒரு தடவை, ஏன் எதற்கு என்று அடிவேரிலிருந்து விளக்கிவிடுவார். எனக்கு அதுதான் பிடித்திருந்தது. தொழிற்சாலையில் யாரும் எனக்கு ஏன் என்று சொன்னதில்லை.

விமானத்துக்குள் இருக்கிற ரிசீவர், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. கீழேயிருந்து நாம் அனுப்புகிற ரேடியோவைக் கேட்டு, சர்வோ என்கிற குட்டி மோட்டார்களுக்கு உத்தரவு கொடுப்பது அதுதான். அது செத்தால் விமானம் செத்தது. அதன் மூடியைக் கழற்றி, பற்றவைத்த இடங்களிலெல்லாம் நிறமில்லாத நகப்பூச்சை மெல்லிய தூரிகையால் பூச வேண்டும். ஈரம் உள்ளே போகாது. சின்னக் கண்ணாடிக்கல் மாதிரி ஒரு கிறிஸ்டல் செருகுகிற இடத்தில் மட்டும் பூசக் கூடாது; பூசினால் தொடர்பு போய்விடும். அந்த நகப்பூச்சு வாங்க ஐயாவுக்கு வெட்கம். என்னைத்தான் அனுப்புவார். கடைக்காரச் சீனத்தி, "இவ்வளவு வாங்குகிறாயே, உனக்கு எத்தனை விரல்?" என்று சிரிப்பாள்.

பூசிக் காய்ந்த ரிசீவரைப் பிறந்தநாள் பலூனுக்குள் நுழைத்து, வாயை ரப்பரால் கட்டி, பஞ்சு சுற்றி, பெரிய சதுர பிஸ்கட் டின்னுக்குள் வைக்க வேண்டும். டின்னுக்குள் ஒரு துணிப்பையில் நீலக் கற்கள். காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடிக்கக் குடிக்க அது ரோஸ் நிறமாகும். வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகிவிடும். என் ஆயுளில் கடலை வறுத்ததைவிட அந்தக் கல் வறுத்ததுதான் அதிகம். பேட்டரியின் கறுப்புக் கம்பியை மாதம் ஒருமுறை நுனியில் சுரண்டிப் பார்க்க வேண்டும். மேலே பளபளவென்று இருக்கும். உள்ளே கரியாகி இருக்கும். கரியாக இருந்தால், நல்ல செம்பு தெரிகிற வரை வெட்டிவிட்டுப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். விமானங்களை வைப்பது ஒரு மர அலமாரியில். அடியில் ஒரு பல்பு இரவும் பகலும் எரியும். அந்தச் சூட்டில் மரத்தில் ஈரம் தங்காது.

படங்கள் நன்றாக வந்தன. புழு பிடித்த பகுதிகளை முன்னாலேயே கண்டுபிடித்து மருந்தடித்தார்கள். மேலிடத்துக்கு மனம் குளிர்ந்து, எங்களுக்குக் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு ஏசி அறையைக் கட்டிக் கொடுத்தார்கள். பார்க்க வருகிறவர்களுக்குக் காட்ட ஓர் இடம் வேண்டுமாம். ரேடியோ டின்களெல்லாம் அங்கே போயின. விமானங்கள் பெரிசு, அவை பழைய அலமாரியிலேயே இருந்தன.

ஐயாவுக்கு ஏசி அறை ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் பயம். எங்கள் இருவரையும் கேன்டீனுக்குக் கூட்டிப் போய், ஐஸ் போட்ட தே ஒரு கிளாஸ் வாங்கி மேசையில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் கிளாஸ் வெளிப்பக்கமெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர்.

"முனியாண்டி, இந்தத் தண்ணி எங்கேயிருந்து வந்தது?"

"உள்ளேருந்து கசியுதுங்க."

"இல்லை. காற்றிலேயிருந்து வந்தது. குளிர்ந்த சாமான் எதுவெண்டாலும் வெளிக்காற்றுப் பட்டால் இப்பிடித்தான் வேர்க்கும். ரிசீவரும் வேர்க்கும். விளங்குதோ பிள்ளை?"

அன்றிலிருந்து ஒரு சட்டம். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு முன்பே நான் டின்னை ஏசி அறையிலிருந்து எடுத்து, மூடி திறக்காமல் கொட்டகையில் வைக்க வேண்டும். டின்னின் வெளிப்பக்கம் வேர்க்கும். துடைக்கக் கூடாது. அந்த வேர்வை தானாகக் காய்ந்தால்தான் உள்ளே இருக்கிற சாமானும் காற்றின் சூட்டுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் மூடியில் கை வைக்கலாம். "பெட்டி வேர்த்தால் திறக்காதே" என்பது எங்கள் மூன்று பேருக்கும் மந்திரம் மாதிரி ஆகிவிட்டது. முனியாண்டி அண்ணன் என் கைக்குழந்தையைத் தூக்கும்போதுகூட, "பெட்டி வேர்த்திருக்கு தங்கச்சி, தெறக்கவா?" என்று அதன் சட்டைப் பொத்தானைத் தொட்டுக் கேலி செய்வார்.

அந்த வருஷம், தலைமை அலுவலகத்திலிருந்து டைரக்டர்கள் வரப்போவதாகச் சொன்னது ஆயுத பூசைக்கு மறுநாள். பூசையன்று தோட்டத்து டிராக்டர், லோரி, பம்பு எஞ்சின் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது வழக்கம். முனியாண்டி அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு ஐயாவிடம் போனார்.

"ஐயா, பம்பு எஞ்சினுக்கெல்லாம் செய்யிறோம். நமக்குச் சோறு போடுறது இந்தப் பிளேன்தான். அதுக்கும் ஒரு பொட்டு வச்சிரட்டுங்களா?"

"வையுங்கோ, வையுங்கோ. உள்ளே மட்டும் ஒண்டும் படக்கூடாது."

ரிசீவரும் பேட்டரியும் ஏசி அறையில் டின்னுக்குள் இருந்தன. விமானம் வெறும் கூடு. இருந்தாலும் சர்வோ இருக்கிற மூடியைச் சுற்றி நான் டேப் ஒட்டினேன். முனியாண்டி அண்ணன் மூக்கில் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாவிலையால் மஞ்சள் தண்ணீரைத் தொட்டுத் தெளித்து, கற்பூரம் காட்டினார். ஐயா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திருநீறு பூசிக்கொண்டார். சுண்டலைச் சாப்பிட்டுவிட்டு, "அடுத்த வருஷம் தேங்காய் கொஞ்சம் கூடப் போடுங்கோ" என்றார். பிறகு நான் விமானத்தைத் துணியால் ஒற்றி எடுத்து பல்பு அலமாரியில் வைத்தேன். மூக்கிலிருந்த பொட்டை மட்டும் துடைக்கவில்லை. துடைக்க மனம் வரவில்லை.

மறுநாள் காலையில் டின்னை எடுக்க ஏசி அறைக்குப் போனேன். ஐயா அங்கே முன்னாலேயே நின்றார். புது டை கட்டியிருந்தார்.

"இண்டைக்கு எடுக்க வேண்டாம் பிள்ளை. டைரக்டர்மார் முதலில் அறையைத்தான் பார்ப்பினம். அலமாரி வெறுமையாய் இருந்தால் நல்லா இராது."

"வேர்வை காய நேரம் வேணுமேங்கய்யா."

"பாத்துக்கொள்ளலாம்."

டைரக்டர்கள் வந்தார்கள், கண்ணாடிக் கதவைப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள். அங்கிருந்து நேராகத் திடலுக்குக் கார்கள் கிளம்பின. டின் என் மடியில். பனிக்கட்டி மாதிரி சில்லிட்டிருந்தது. முதல் நாள் மழை பெய்திருந்ததால் திடலில் புல்லெல்லாம் ஈரம், மரங்களுக்கு நடுவில் ஆவி. டின் என் கையிலேயே வேர்த்து வழிந்தது.

கூடாரத்தின் கீழ் உட்கார்ந்திருந்த டைரக்டர்களில் ஒருவர், ரேடியோவைப் பார்க்கலாமா என்று கேட்டார். ஐயா என் பக்கம் கையை நீட்டினார். நான் டின்னைக் கொடுக்காமல் தள்ளி நின்று, "ஐயா, பெட்டி வேர்த்திருக்கு" என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. டின்னை வாங்கினார், திறந்தார், பலூனை உருவினார், ரிசீவரை எடுத்து டைரக்டர் கையில் கொடுத்தார். ஜப்பானில் செய்தது, நகப்பூச்சு பூசியது எங்கள் யோசனை என்று விளக்கினார். அது கைக்குக் கை மாறியது. ஒரு டைரக்டர் அதன் மேலிருந்த ஈரத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்துக்கூடக் கொடுத்தார். மேலே துடைத்தார், உள்ளே யார் துடைப்பது? ஐயா அதைப் புதுப் பலூனில் போட்டு வாயைக் கட்டி, அவரே விமானத்துக்குள் வைத்தார்.

முனியாண்டி அண்ணன் ஓடி வீசினார். அழகாகத்தான் ஏறியது. முதல் சுற்று நன்றாக வந்தது, டைரக்டர்கள் கைதட்டினார்கள். இரண்டாவது சுற்றில், மரங்களுக்கு மேலே போனபோது, ஜன்னி கண்ட பிள்ளை மாதிரி சிறகு உதறியது. ஐயாவின் கட்டை விரல்கள் கையிலிருந்த டிரான்ஸ்மிட்டர் பெட்டியில் எதையோ தேடின. விமானம் அவர் பேச்சைக் கேட்கவில்லை. திரும்பியது, எங்களை நோக்கி வந்தது, கூடாரத்தைத் தாண்டிப் போய் ஒரு டைரக்டருடைய காரின் முன் கண்ணாடியில் மோதி நொறுங்கியது. டிரைவர் மரத்தடியில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார், பிழைத்தார்.

தோட்ட மேனேஜர் பெரிய துரை ஓடி வந்தார். கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் விமானத்தின் மூக்கு மட்டும் முழுசாகக் கிடந்தது. சந்தனம், குங்குமம். "இது என்ன?" என்று கேட்டார். குலசேகரம் ஐயா டைரக்டர்களைப் பார்த்தார். கண்ணாடி உடைந்த காரைப் பார்த்தார்.

"இவர்களுடைய பூசை சார். நேற்றுத் தண்ணீர் தெளித்திருக்கிறார்கள்" என்றார் ஆங்கிலத்தில்.

இவர்களுடைய பூசையாம். முந்தின நாள் தீபத்தைத் தொட்ட கை அது. நெற்றியில் இருந்த திருநீறு அன்றைக்குக் காலையில் குளித்தபோதுதான் போயிருக்கும்.

அன்று மத்தியானம் ஏசி அறையில் நானும் அவரும் மட்டும் இருந்தோம். பலூனை நான் வெட்டினேன். உள்ளே சுத்தமான தண்ணீர், பனித்துளி மாதிரி. மஞ்சளும் இல்லை, சந்தனமும் இல்லை. மூடியைக் கழற்றினேன். நகப்பூச்சுப் பூசிய இடமெல்லாம் நன்றாக இருந்தது. பூசாமல் விட்ட கிறிஸ்டல் குழியில் தண்ணீர் நிறைந்து நின்றது. "பாருங்கய்யா" என்றேன். பார்த்தார். நன்றாக, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து முடி காயவைக்கிற டிரையரை எடுத்து, பிளக்கைச் சொருகி, ரிசீவரைக் காயவைக்க ஆரம்பித்தார். நான் நிற்பதையே மறந்தவர் போல, மெதுவாக, எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பி, ஒரு துளி மிச்சமில்லாமல் காயவைத்தார். பேட்டரியை மாட்டி சோதித்தார். சர்வோ இடதும் வலதும் ஆடியது. "வேலை செய்யுது" என்றார்.

எதற்காகக் காயவைத்தார் என்று விசாரணையன்றுதான் எனக்குப் புரிந்தது.

விசாரணை பெரிய துரையின் அறையில் நடந்தது. பெரிய கிராணி, தொழிற்சங்கத்தின் ஆள் ஒருவர், ஐயா, முனியாண்டி அண்ணன், சாட்சிக்கு நான். முனியாண்டி அண்ணன் வேலை போனால் வீடும் போகும். தோட்டத்து வீடு வேலை செய்கிறவனுக்குத்தான். பாக்கியம் அக்கா ஆபீஸ் வாசலில் கடைக்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தண்ணீர் தெளித்தாயா?" என்று கிராணி தமிழில் கேட்டார்.

"தெளிச்சேங்க. மாவெலையில தொட்டுத் தெளிச்சேன். கொஞ்சந்தாங்க" என்றார் முனியாண்டி அண்ணன். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். சங்கத்து ஆள் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நான் உள்ளதைப் போட்டு உடைத்தேன். "பூசையன்னிக்கு ரிசீவர் பிளேனுக்குள்ளயே இல்லீங்க. டின்னுல இருந்துச்சு. சர்வோ மூடிக்கு நான் டேப் ஒட்டினேன். மறுநாள் விசிட்டருங்க முன்னால பெட்டி வேர்க்க வேர்க்கத் தெறந்தது ஐயாதான். பலூனுக்குள்ள தண்ணி நின்னுச்சு, நானும் பாத்தேன், ஐயாவும் பாத்தாரு."

கிராணி அதை ஆங்கிலத்தில் சொன்னார். பெரிய துரை ஐயாவைத் திரும்பிப் பார்த்தார். ஐயா குரலை உயர்த்தவில்லை. ரிசீவரை மேசையில் வைத்தார். "ரிசீவரில் ஒரு குறையும் இல்லை சார், இப்போதே சோதித்துக் காட்டுகிறேன்" என்றார். காட்டினார். "பால்சா மரம் தண்ணீரை உறிஞ்சும். மேலே காய்ந்தாலும் உள்ளே நிற்கும். அந்த ஈரம் பறக்கும்போது சர்வோவில் இறங்கியிருக்கிறது." பால்சா தண்ணீரை உறிஞ்சும் என்பது உண்மைதான். ராத்திரி முழுக்கப் பல்புச் சூட்டில் இருந்த மரத்தில் ஈரம் எங்கே மிச்சம் என்பதும் அவருக்குத் தெரியும். தன் படிப்பையெல்லாம் திரட்டி ஒரு பொய்க்கு முட்டுக் கொடுத்தார்.

"அந்தப் பெண் சொல்வது?" என்றார் துரை.

"நன்றாகப் பற்றவைப்பாள் சார்" என்றார் ஐயா.

அதோடு என் சாட்சி முடிந்தது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். கம்பெனிச் சாமானுக்குச் சேதம் விளைவித்தான் என்று முனியாண்டி அண்ணனுக்குச் சீட்டுக் கிழித்தார்கள். அவரே ஒப்புக்கொண்ட பிறகு நாங்கள் என்ன பேசுவது என்று சங்கத்து ஆள் கையை விரித்துவிட்டார். தீபாவளி வரைக்காவது வீட்டில் இருக்க விடுங்கள் என்று பாக்கியம் அக்கா கிராணியின் காலில் விழப்போனார். விடவில்லை. முறுக்குக்கு இடித்து வைத்திருந்த மாவு டின்னும், பிள்ளைகளின் புத்தகப் பையும், சட்டி பானையும் லோரியில் ஏறின. லயத்து ஜனமெல்லாம் வாசலில் நின்றது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அடுத்த லோரி யாருக்கு என்று எல்லோருக்கும் பயம்.

என் வேலை தப்பியது. பற்றவைக்க வேறு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். நானும் விடவில்லை. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒருவர் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாது.

மழைக்காலம் முடிந்து புது விமானம் வந்தது. அதே டைரக்டர்கள் மறுபடி வந்தார்கள். அன்று விடியும் முன்பே ஐயா தானே வந்து டின்னை எடுத்துக் கொட்டகையில் வைத்திருந்தார். ரேடியோவைப் பார்க்கலாமா என்று டைரக்டர் கேட்டார். "இன்னும் இல்லை சார். பெட்டி ஈரமாக இருக்கிறது. காய வேண்டும்" என்றார் ஐயா. டைரக்டர் "அப்படியா" என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒருவர் பேப்பர் படித்தார். இன்னொருவர் இளநீர் கேட்டார். எல்லோரும் காத்திருந்தார்கள். காத்திருங்கள் என்றால் காத்திருக்கிற மனுஷர்கள்தான் அவர்கள்! முதல் தடவையே அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் பாக்கியம் அக்கா அந்தத் தீபாவளிக்கு லயத்தில் முறுக்குச் சுட்டிருப்பார்.

விமானம் பத்திரமாக இறங்கியது. எல்லோரும் போன பிறகு, கொட்டகையில் வைத்து ஐயாவிடம் கேட்டேவிட்டேன்.

"இன்னிக்குக் காத்திருக்கத் தெரிஞ்சுதுங்களே ஐயா."

டிரான்ஸ்மிட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "பிள்ளை, எனக்கும் பிள்ளைகள் இருக்கினம். அண்டைக்கு என்னில பிழையெண்டு போயிருந்தால், என்னைத்தான் அனுப்பியிருப்பினம்."

"முனியாண்டி அண்ணனுக்கு இருந்தது என்னங்கய்யா, கன்னுக்குட்டிங்களா?"

அவர் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் அந்தத் தோட்டத்தில் இருந்த வரையில், வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சு எங்களுக்குள் இல்லை. உயர்ந்த பதவியில் தலைமை அலுவலகத்துக்குப் போனார். போகும்போது விருந்து வைத்தார்கள். நான் போகவில்லை.

சில வருஷம் கழித்து, முனியாண்டி அண்ணன் குடும்பம் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர் குத்தகைக்காரரிடம் புல் வெட்டிக்கொண்டிருந்தார். மூத்த மகன் சேகர் ரோட்டோரத்தில் சின்னதாக மோட்டார் சைக்கிள் பட்டறை போட்டிருந்தான். ஆயுத பூசையன்று வீட்டுக்காரரோடு பைக்கில் போனேன். அந்த நாளாகப் பார்த்துத்தான் போனேன். என்ன நடந்தது என்று அவருக்கு முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. விசாரணை அறையில் பாதிப் பேச்சு ஆங்கிலத்தில்தானே நடந்தது. அவருக்கு என்ன விளங்கியிருக்கும்?

இளைத்துப் போயிருந்தார். "வா தங்கச்சி, மச்சான் வாங்க, பசியாறிட்டுப் போவலாம்" என்று வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். பட்டறைக்கு வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார். நான் எல்லாம் சொன்னேன். வெறும் கூட்டைத்தான் அவர் பூசை செய்தார் என்பதை, பல்பு அலமாரியை, வேர்த்த டின்னை, பலூனுக்குள் நின்ற தண்ணீரை, ஐயா டிரையர் பிடித்ததை, அடுத்த தடவை டைரக்டர்களைக் காக்க வைத்ததை. "உங்க தண்ணியால இல்லண்ணே. ஐயா செஞ்ச தப்பு. அவருக்கே தெரியும்" என்றேன்.

அவர் முழுக்கக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"விடு தங்கச்சி. எனக்கு மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்ற. நீ அப்பிடித்தான்."

"சத்தியமாச் சொல்றேண்ணே."

"ஐயா படிச்சவரு லா. மரம் தண்ணி உறிஞ்சும்னு கிராணி எனக்குத் தமிழ்லயே சொன்னாரு. நாந்தான் தெளிச்சேன், எனக்குத் தெரியாதா? அத்தன பேரு முன்னால, அவ்வளவு பெரிய மனுஷன் எம்மேல வீணாப் பழி போடுவாரா? அவருக்கு என்ன வந்துச்சு?"

எத்தனை விதமாகச் சொல்லியும் அவர் நம்பவில்லை. ஐயாவுக்காக என்னிடமே வாதாடினார். பெற்ற பிள்ளைகளோடு நடுரோட்டில் நிறுத்தியவனைப் பற்றி ஒரு சுடுசொல் அவர் வாயில் வரவில்லை.

பட்டறைக்குள் எல்லாம் தயாராகிவிட்டது. சாமான்களைக் கழுவி அடுக்கி, மோட்டார் சைக்கிள்களுக்கு மாலை போட்டிருந்தார்கள். பாக்கியம் அக்கா சந்தனக் கிண்ணத்தையும் மஞ்சள் தண்ணீர்ச் சொம்பையும் கொண்டுவந்து வைத்தார். கோயில் காரியமெல்லாம் கையில் வைத்திருந்த மனுஷன் அவரல்லவா? நான் அவரைப் பார்த்தேன். அவர் பெஞ்சிலிருந்து எழுந்து ரோட்டோரமாகத் தள்ளிப் போனார்.

"அப்பா, வாங்களேன்பா. இந்த வருஷமாச்சும்" என்று சேகர் கூப்பிட்டான்.

"நீயே செய்டா. நல்லா இருக்கிற மெஷினு. எங்கை வேணாம்."

சேகர் என்னைப் பார்த்து, "எப்பவும் இப்படித்தான் அத்தை. பூசைன்னா எந்த மெஷின் கிட்டயும் வரமாட்டாரு" என்றான். கற்பூரத்தை அவனே ஏற்றினான். மணி அடித்தார்கள். முனியாண்டி அண்ணன் சாலைக்கு அந்தப் பக்கம் நின்று, கும்பிடக்கூடக் கையைத் தூக்காமல், காய்ந்து கிடந்த இரண்டு உள்ளங்கைகளையும் கைலியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.